காற்று வழிவிடும் காலம்: வண்டியில் ஈழத்து ஐந்து ஈசுவரங்கள்

இலங்கைத் தீவின் கரையோரமாக ஐந்து சிவத்தலங்கள் காவல் நிற்பதுபோல் அமைந்திருக்கின்றன. மேற்கே சிலாபத்தை அடுத்து முன்னேசுவரம். வடமேற்கே மன்னாரை அடுத்த மாதோட்டத்தில் திருக்கேதீசுவரம். வடக்கே கீரிமலையில் நகுலேசுவரம். கிழக்கே திருகோணமலையில் திருக்கோணேசுவரம். தென்கோடியில் தேவேந்திரமுனை என்னும் தேவிநுவரவில் தொண்டேசுவரம். இவற்றைப் பஞ்ச ஈசுவரங்கள் என்று சைவ உலகம் போற்றுகிறது. திருக்கோணேசுவரம் திருஞானசம்பந்தர் பாடிய தலம். திருக்கேதீசுவரம் அவரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் பாடிய தலம்.

இந்த ஐந்தையும் ஒரே யாத்திரையில் தரிசிக்க விரும்பும் அடியார்கள் பெரும்பாலும் கொழும்பில் வண்டியேறுகிறார்கள். தமிழ்நாட்டில் வேன் என்று சொல்லப்படும் வண்டியை அங்குள்ள தமிழர்கள் ‘வான்’ என்பார்கள். கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டு, மேற்குக் கரையில் ஏறி, வடமுனையைத் தொட்டு, கிழக்குக் கரையில் இறங்கி, தென்முனையைச் சுற்றி மீண்டும் கொழும்பை அடையும் வழியில் தீவு முழுவதும் வலக்கைப் பக்கமாகவே இருக்கும். பிராகாரத்தைச் சுற்றும்போது கருவறை வலப்பக்கம் இருப்பது எப்படியோ அப்படி. அதாவது, இது ஊர் சுற்றும் பயணமாக இல்லாமல் ஒரு தீவையே வலம் வரும் பிரதட்சிணமாக அமைந்துவிடுகிறது.

யாத்திரைக்கு ஆயத்தமாகும் முதியோர் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “எந்த மாதம் போனால் மழை இருக்காது?” எழுபது வயதைக் கடந்தவருக்கு இது சாதாரணக் கேள்வியன்று. மற்றொரு முறை போகலாம் என்ற துணிவு அந்த வயதில் குறைவு. கிடைக்கும் ஒரு வாய்ப்பு மழையிலும் காய்ச்சலிலும் கழிந்துவிடக் கூடாது என்ற கவலை இயல்பானது. ஆனால் தீவு முழுவதும் ஒருங்கே உலர்ந்திருக்கும் மாதம் என்று ஒன்றை உறுதியாகச் சொல்ல இலங்கையின் அமைப்பு இடம் தருவதில்லை. ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டால், எப்போது போவது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு காற்று, இரண்டு மழை

இலங்கையின் நடுவே, சற்றுத் தெற்காக, மலைநாடு எழுந்து நிற்கிறது. அதில் மிக உயர்ந்த சிகரம் பீதுருதாலகாலை, 2,524 மீட்டர். சைவர்கள் வணங்கும் சிவனொளிபாத மலை 2,243 மீட்டர். இந்த மலைத்தொகுதியே தீவின் மழையைப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. கடலிலிருந்து அது சுமந்து வரும் நீரை மலையின் மேற்குச் சரிவுகளிலும் தென்மேற்குக் கரையிலும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அதனிடம் ஈரம் இல்லை. உலர்ந்து, சூடேறி, கிழக்குக் கரையை வறட்டுகிறது. மட்டக்களப்பு மக்கள் இந்த வெப்பக் காற்றைக் ‘கச்சான்’ என்கிறார்கள். நிலக்கடலைக்கும் ஈழத்தில் கச்சான் என்றே பெயர் வழங்குவதால், புதிதாகச் செல்வோர் சிறிது குழம்புவதுண்டு. யாழ்ப்பாணத்தில் இதே பருவத்துக் காற்றுக்குச் ‘சோழகம்’ என்று பெயர்.

ஐப்பசி பிறந்ததும் நிலை மாறுகிறது. தமிழ்நாட்டைப் போலவே வடக்கும் கிழக்கும் மழைக்காலத்தில் புகுகின்றன. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று மழையைக் கொண்டுவருகிறது. தை பிறக்கும்போது மழை தணியத் தொடங்கி, மாசியில் வானம் தெளிகிறது.

மலையின் மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மன்னாரிலோ ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர்தான். தீவின் நீளம் சுமார் 430 கிலோமீட்டர். அகலம் அதில் பாதியளவே. இத்தனை சிறிய நிலப்பரப்பில் இத்தனை வேறுபாடு. ஆகவே வண்டியில் செல்பவர் காலையில் குடை பிடித்துப் புறப்பட்டு, மாலையில் புழுதி பறக்கும் ஊரில் இறங்குவது வியப்பன்று.

திருவிழா நாள்களே பருவக் கணக்கு

அப்படியானால் எந்தத் தலத்துக்கு எந்த மாதம் ஏற்றது? இதற்கு வானிலைக் குறிப்புகளைத் தேட வேண்டியதில்லை. அந்தந்தக் கோயிலின் திருவிழா நாள்களே விடை சொல்கின்றன.

திருக்கேதீசுவரத்தில் பெருந்திரளாக அடியார்கள் கூடுவது மாசி மாத மகா சிவராத்திரியன்று. வாடைமழை ஓய்ந்து, பாலாவித் தீர்த்தம் நிறைந்திருக்கும் வேளை அது. அன்று அடியார்கள் பாலாவியில் தாமே நீர் முகந்து சென்று மகாலிங்கத்துக்கு அபிடேகம் செய்யும் பேறு பெறுகிறார்கள். திருக்கோணேசுவரத்தில் ஆண்டுப் பெருவிழா பங்குனி உத்திரத்தை ஒட்டி நடைபெறுகிறது. கிழக்குக் கடல் அமைதி கொள்ளும் காலம் அது.

வைகாசியில் தென்மேற்குக் காற்று எழுந்து மேற்குக் கரை நனையத் தொடங்கும்போது, யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படுகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பின்பு குமுக்கன், யால காடு என்று கிழக்குக் கரையோரமாகவே அந்த அடியார் கூட்டம் நடக்கிறது. வாரக்கணக்கில் திறந்தவெளியில் படுத்து எழுந்து செல்லும் யாத்திரை அது. கிழக்கே மழை இல்லாத காலம் என்பதால்தான் அது இயலுகிறது. காட்டாறுகளிலும் நீர் வற்றி, நடந்து கடக்க வழிவிடுகின்றன.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் பிதிர்க்கடன் செய்ய மக்கள் கூடுகிறார்கள். அடுத்துவரும் நாள்களில் நல்லூர்க் கந்தன் கொடியேறி, 25 நாள் விழா ஆவணி அமாவாசையோடு நிறைவெய்துகிறது. யாழ்ப்பாணத்தில் அது வெயில் காலம். ஆவணியில் முன்னேசுவரத்துப் பெருவிழா ஏறத்தாழ நான்கு வாரம் நடக்கிறது. அப்போது தென்மேற்கு மழை தளர்ந்து, வடகிழக்கு மழை இன்னும் தொடங்காத இடைவெளி. சிவனொளிபாத மலைக்கு மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். மலையின் அந்தப் பக்கம் காற்றும் மழையும் அடங்கியிருக்கும் மாதங்கள் அவை.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. வடக்கிலும் கிழக்கிலும் உழவர்கள் ஐப்பசி மழையை நம்பி விதைத்துத் தை, மாசியில் அறுவடை செய்கிறார்கள். அந்தப் பயிரைக் காலபோகம் என்பார்கள். மழைக்காலத்தில் அவர்களுக்கு வயலை விட்டு நகர முடியாது. வழியும் சேறாக இருக்கும். களஞ்சியம் நிறைந்து, கை ஓய்ந்து, வழி உலர்ந்திருக்கும்போது ஊரே கோயிலுக்குப் புறப்படும். திருவிழா நாள்களை வகுத்த பெரியோர் திதியையும் நட்சத்திரத்தையும் பார்த்தார்கள். அத்தோடு உழவனின் ஓய்வையும் வண்டிப் பாதையின் ஈரத்தையும் அறிந்தே இருந்தார்கள்.

கூடார வண்டிகளின் காலம்

மோட்டார் வண்டி வருவதற்கு முன் ஈழத்துக் குடும்பங்கள் தூரத்துக் கோயில்களுக்கு மாட்டு வண்டியிலேயே சென்றன. வளைந்த மேற்கூரை கட்டிய வண்டியைக் கூடார வண்டி என்பார்கள். அரிசி, பருப்பு, பாத்திரம், பாய், மாட்டுக்கு வைக்கோல் எல்லாம் ஏற்றி, அயல் குடும்பங்களின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். பகல் வெயிலில் மரநிழலில் தங்கிச் சமைத்து உண்டு, வெயில் தாழ்ந்த பின் புறப்பட்டு நிலவொளியில் பயணம் செய்வது வழக்கம். முதியோரும் குழந்தைகளும் வண்டிக்குள், இளையோர் நடையில்.

அந்த வழிப்போக்கர்களுக்காக ஊர்மக்கள் செய்துவைத்த அறங்கள் யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் சில இன்றும் காணக் கிடைக்கின்றன. தங்குவதற்கு மடம், குடிப்பதற்குக் கேணி, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல், மாடுகள் உடலை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல். பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கூரையிட்டு இருபுறமும் திண்ணை அமைத்த ‘தெருமூடி மடம்’ இருக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க அதைவிட ஏற்ற இடம் வேண்டுமா? வாகனத்தின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரைபவர்கள் அங்கே ஒரு நிமிடம் இறங்கி அமரலாம். முன்பின் தெரியாத யாத்திரிகனுக்காக யாரோ நினைந்து செய்த நிழல் அது.

ஒரே வலத்தில் பல பருவங்கள்

ஆடி மாதத்தில் ஒரு வண்டி புறப்படுவதாகக் கொள்வோம். கொழும்பில் தூறல். வடக்கு நோக்கி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்றால் சிலாபம், அருகே முன்னேசுவரம். சுவாமி முன்னைநாதர், அம்மை வடிவாம்பிகை. இராவண வதத்துக்குப் பின் இராமபிரான் தோஷம் நீங்க வழிபட்ட தலம் என்று தலவரலாறு கூறும். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரால் அழிவுற்று, 18-ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர் ஆதரவில் மீண்டும் எழுந்தது. சிங்கள மக்களும் திரளாக வந்து கும்பிடும் கோயில் இது. அருகிலேயே இராமர் பிரதிட்டை செய்ததாகக் கூறப்படும் மானாவாரித் தலமும் உண்டு. மழையை மட்டுமே நம்பிய நிலத்தை நம் உழவர் மானாவாரி என்பார்கள். அந்தச் சொல்லே இங்கு ஊர்ப்பெயராக ஒலிக்கிறது.

புத்தளத்தைக் கடந்ததும் தென்னந்தோப்புகளின் பசுமை குறைகிறது. அனுராதபுரம் வழியாகச் சுற்றி மன்னாரை நெருங்கும்போது வெயில், உடைமரம், பனை, அனல் காற்று. இந்த வறண்ட நிலத்துக்குச் சோறூட்டுவது பழந்தமிழ் மக்கள் போற்றிய கட்டுக்கரைக் குளம். மார்கழி மழையைத் தேக்கி ஆடி வெயிலுக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

கேது பூசித்ததால் திருக்கேதீசுவரம் என்று பெயர் பெற்ற தலம் போர்த்துக்கீசியர் காலத்தில் தரைமட்டமாயிற்று. 1872-இல் ஆறுமுக நாவலர் அதை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று சைவ மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அவர் மறைந்த பின், 1894-இல் அந்த இடத்தைத் தோண்டியபோது பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. இன்று கருங்கல் திருப்பணி நிறைந்து, கௌரியம்மையோடு கேதீச்சரநாதர் அருள்பாலிக்கிறார்.

அங்கிருந்து பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்தால் யாழ்ப்பாணம். கடல்நீரேரியின் மேல் செல்லும்போது சோழகம் வண்டியைத் தள்ளுவதை உள்ளிருப்பவர்களே உணரலாம். கீரிமலையில் கடலை ஒட்டிய கேணியில் நன்னீர் ஊறுகிறது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் நீராடி முகம் மாறப்பெற்ற தீர்த்தம். ஒரு சுவருக்கு அப்பால் உப்புக்கடல் மோதிக்கொண்டிருக்க, இப்பால் இனிய நீர். நகுலேசுவரரும் போர்க்காலத்தின் அழிவைக் கண்டு மீண்டவர். நெடுங்காலம் மக்கள் கால்வைக்க முடியாதிருந்த அந்தத் தலத்தில் இன்று மீண்டும் மணியோசை கேட்கிறது.

ஆனையிறவு, வவுனியா வழியாகத் திருகோணமலையை நோக்கி இறங்கும்போது கச்சானின் வெம்மை தொடங்குகிறது. கோட்டைக்குள் மான்கள் நிழல் தேடி நிற்கும். சுவாமி மலை உச்சியில், கடலுக்கு மேலே செங்குத்தாக எழுந்த பாறையில் கோணேசப் பெருமான், மாதுமையாளுடன். 1620-களில் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. 1950-ஆம் ஆண்டளவில் மண்ணைத் தோண்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956-இல் பாறையின் அடியில் கடலுக்குள் மூழ்கித் தேடியவர்கள் பழங்கோயிலின் தூண்களையும் சிற்பங்களையும் கண்டார்கள். அதன்பின் கோயில் புதுப்பிக்கப்பட்டு 1963-இல் குடமுழுக்குக் கண்டது. மண்ணும் கடலும் பெருமானுடைய பொருளை முந்நூறு ஆண்டு காத்து வைத்திருந்து ஒப்படைத்தன. அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். தாய்க்கு இறுதிக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது வழக்கு.

மட்டக்களப்பு, பொத்துவில் கடந்து உள்நாட்டு வழியாக மொனராகலை, புத்தளை என்று சென்றால் கதிர்காமம். திரைக்குப் பின் மௌனமாக நிகழும் பூசை. மாணிக்க கங்கையில் நீராட்டு. இங்கும் வானம் வறண்டே இருக்கும். புத்தளையிலிருந்து செல்லும் காட்டுச் சாலையில் யானைகள் வண்டியை மறிப்பதுண்டு. பொழுது சாய்வதற்கு முன் அதைக் கடந்துவிட வேண்டும்.

அதன்பின் அம்பாந்தோட்டை உப்பளங்கள். தங்காலையை நெருங்க நெருங்க மண் கருமை பெறுகிறது. தென்னையும் வாழையும் மீண்டும் தோன்றுகின்றன. கண்ணாடியில் முதல் துளி விழுகிறது. தூறலில் தொடங்கி, வெயில், சோழகம், கச்சான் எல்லாம் கண்டு, யாத்திரை மறுபடி மழைக்குள் நுழைகிறது.

தவிர்க்க வேண்டிய மாதங்கள்

மழையில் நனைவது வேறு; ஆபத்தில் சிக்குவது வேறு. ஐப்பசி இறுதி முதல் மார்கழி முடிய வடக்கிலும் கிழக்கிலும் யாத்திரையைத் தவிர்ப்பதே நன்று. வங்கக்கடலில் புயல் உருவாகும் காலம் அது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை இன்றைய முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். பாம்பனிலிருந்து சென்ற இரயில் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. அதே புயல் ஈழத்தின் வடபகுதியையும் தாக்கியது. இராமேசுவரத்தில் கடலாடிவிட்டுத் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கும் வழக்கமும் அந்த இரவோடு முடிந்தது. 1978 நவம்பரில் மற்றொரு புயல் மட்டக்களப்பைச் சிதைத்தது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கிற்று. அதுவும் வடகிழக்கு மழைக்காலத்தில் நின்றுவிடுகிறது. மாவிட்டபுரத்துக் காங்கேயன் திருவுருவம் வந்திறங்கியதால் பெயர் பெற்ற துறை காங்கேசன்துறை. அங்கிருந்து கீரிமலை மிக அருகில். கடலின் போக்கறிந்து வருபவர்களுக்கு இந்த வழியும் உண்டு.

ஐந்து தலங்களையும் ஒருசேர வலம்வர மாசி நடுவிலிருந்து பங்குனி நடுவரை மிக ஏற்றது. வாடை அடங்கியிருக்கும், தென்மேற்கு எழுந்திராது. பங்குனியில் தெற்கிலும் மலைநாட்டிலும் பிற்பகலில் இடிமழை வரும். அந்தத் தலங்களைக் காலையிலேயே தரிசித்துவிட வேண்டும். அடுத்த வாய்ப்பு ஆடி, ஆவணி. அப்போது வெயில் மிகுதி. திருவிழாச் சிறப்பும் மிகுதி.

முதியோர் ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியில் அமராதிருப்பது நல்லது. எட்டு, ஒன்பது நாளாவது ஒதுக்கினால் தரிசனத்துக்கும் உடலுக்கும் அவகாசம் கிடைக்கும். வடக்கிலும் கிழக்கிலும் தண்ணீரும் தொப்பியும், தெற்கில் குடையும் மாற்றுத் துணியும், மலைநாட்டுக்குச் சென்றால் கம்பளியும் தேவைப்படும். எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். எது எப்போது வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆடவர் மேலாடையின்றி நுழைய வேண்டிய கோயில்கள் உண்டு; ஈரக்காற்றில் தரிசனம் முடிந்ததும் துவட்டிக்கொள்ளத் துண்டு அவசியம். சிவனொளிபாத மலையில் 5,000-க்கும் மேற்பட்ட படிகள்; முழங்கால் இடம்தராதவர்கள் அடிவாரத்தில் நின்று சிகரத்தைத் தொழுதாலும் குறையில்லை. மூடுபனி விலகிச் சிகரம் தெரிவதே ஒரு தரிசனம்.

மழையில் நிற்கும் ஐந்தாம் ஈசுவரம்

தேவேந்திரமுனைக்கு வந்துசேரும் அடியார்களில் சிலர் ஏமாற்றம் கொள்கிறார்கள். மற்ற நான்கு தலங்களிலும் இருப்பதைப் போன்ற சிவாலயம் இங்கே இல்லை. விஷ்ணு தேவாலயம் ஒன்றும், பழைய கல்தூண்களும், சற்றுத் தொலைவில் தீவின் தென்கோடியில் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. அதற்கப்பால் கடல், தென்துருவப் பனிக்கண்டம் வரை நிலமே இல்லை. “பார்க்க ஒன்றுமில்லை, மழை வேறு” என்று இந்த ஊரை விட்டுவிட்டு நேரே கொழும்புக்குத் திரும்பும் வண்டிகளும் உண்டு.

ஆனால் 1344-இல் இலங்கைக்கு வந்த மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா இங்கே மாபெரும் கோயிலைக் கண்டார். ஆயிரம் அந்தணர் பணிசெய்ததாகவும் ஊரின் வருவாய் முழுவதும் இறைவனுக்கே உரியதாக இருந்ததாகவும் எழுதிவைத்தார். சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோ, 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல்வெட்டு ஒன்றை இத்தீவுக்குக் கொண்டுவந்தார். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் அமைந்தது அது. அதன் தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குச் சீனப் பேரரசர் அனுப்பிய காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. தெனாவரை என்பது இந்த ஊரே. 1911-இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட அக்கல், இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாத்திரை முடிந்து ஊர் திரும்புமுன் அடியார்கள் அதைக் காணலாம். செங் ஹோவின் கலங்களும் பருவக்காற்றுக்குக் காத்திருந்து புறப்பட்டவையே.

1588-இல் போர்த்துக்கீசியர் அந்தக் கோயிலை அழித்தார்கள். நான்கு ஈசுவரங்களை அடியார்கள் மீட்டெடுத்தார்கள். இந்த ஒன்று மட்டும் பழைய கோலத்தில் மீளவில்லை. 1998-இல் இங்கு நடந்த அகழ்வில் சிவலிங்கம் ஒன்று கிடைத்தது. இந்த மண்ணில் ஈசன் இருந்தான் என்பதற்கு அது சான்று.

கோபுரமும் தீபமும் உள்ள தலத்தில் பக்தி தானே ஊறும். வெறும் கடற்கரையில், மழைக்காற்றில், கண்ணுக்குத் தெரியாத சந்நிதியை நோக்கிக் கைகூப்புவதற்கு உள்ளத்தில் ஏற்கெனவே ஈரம் இருக்க வேண்டும். மழை பெய்கிறதே என்று இந்த ஒரு தலத்தை விட்டுவிடுபவர்கள் வலத்தை நிறைவு செய்யாமலே திரும்புகிறார்கள். வண்டியை விட்டு இறங்கக் கால் இடம்தராதவர்கள் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு ஐந்தெழுத்தைச் சொல்லலாம். துணைக்கு வந்தவர் சிறிது விபூதியை அந்த மண்ணில் வைத்து எடுத்துவந்து நெற்றியில் இட்டுவிடலாம்.

மாசியின் தெளிந்த வானத்தின் கீழோ ஆடியின் தூறலிலோ, உடல் ஒத்துழைக்கும் காலத்தில் இந்த வலத்தை மேற்கொள்ள அடியார்கள் எண்ணம் கொள்க. ஐந்து ஈசுவரத்து நாதரும் வழித்துணையாக வருவார்கள்.

திருச்சிற்றம்பலம்.